பொங்கல் அட்டையில் வேப்பிலை

உறையைப் பிரித்து, அந்த வாழ்த்து அட்டையின் மேல் ஓரத்தில் நான் ஒட்டியிருந்த வேப்பிலையைப் பார்த்தபோது அந்த அக்கா முதலில் என்ன நினைத்தார்?

மூன்று பொங்கல் போய்விட்டது. இன்னும் எனக்கு இதற்குப் பதில் தெரியாது. அவரையே கேட்டால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். கேட்கத்தான் வாய் வரவில்லை. ஏன் வரவில்லை என்று சொல்ல வேண்டுமானால் ஒரு சுவரிலிருந்து தொடங்க வேண்டும்.

அப்போது நாங்கள் பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். ஒரே ஓட்டுக்கூரையின் கீழ் வரிசையாக ஐந்து வீடுகள், ஐந்துக்கும் பொதுவாக முன்னால் ஒரு தண்ணீர்க் குழாய். நான்காவது வீடு எங்களுடையது. கடைசி வீடு அந்த அக்காவுடையது. என் கணவர் பம்புசெட் மோட்டார் செய்கிற பட்டறையில் தாமிரக் கம்பியைக் காயிலாகச் சுற்றுகிற வேலை பார்த்தார். அக்காவின் கணவர் மேட்டுப்பாளையத்தில் ஓர் உருளைக்கிழங்கு மண்டியில் மூட்டைகளை எடை போடுகிறவர். தினமும் பஸ்ஸில் போய்வந்தார். எங்கள் இரண்டு வீட்டிலும் ஆளுக்கு ஒரே பெண் குழந்தை. இரண்டுக்கும் ஆறு வயது. ஒன்றாம் வகுப்பில் இரண்டும் ஒரே பெஞ்சு.

அக்காவின் மகளுக்கு எதையும் தொட்டுப் பார்த்தால்தான் பார்த்ததாக அர்த்தம். குழாயடியில் நிற்கிற பெண்களின் சேலையையெல்லாம் இரண்டு விரலால் நீவி, "இது வழவழ, இது சொரசொர" என்று தரம் பிரிப்பாள். என் கணவரின் மூன்று நாள் தாடியைத் தடவிவிட்டு, "மாமா நெம்ப சொரசொர" என்று அவள் தீர்ப்புச் சொன்னதில் அவர் அன்றைக்கே சவரம் செய்துகொண்டார். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். காலையில் எழுந்ததும் அவள் அந்தப் பக்கமிருந்து மூன்று தட்டுத் தட்டுவாள். என் மகள் இந்தப் பக்கமிருந்து மூன்று தட்டுவாள். அதற்குப் பிறகுதான் இரண்டும் பல் தேய்க்கும்.

அந்த வருடம் தீபாவளி கழிந்து கொஞ்ச நாளில் அக்காவின் மகளுக்கு அம்மை போட்டது. அவர்கள் வாசலில் வேப்பிலைக் கொத்துத் தொங்கியது. அதைப் பார்த்துவிட்டால் வெளியாட்கள் அந்த வீட்டுக்குள் போகமாட்டார்கள். அதற்காகத்தான் கட்டுவது.

நான் கல்லூரியில் தாவரவியல் படித்தவள். அம்மை எப்படிப் பரவுகிறது என்பதையும் சேர்த்துப் படித்திருக்கிறேன். ஊர் வழக்கமும் பாடப்புத்தகமும் ஒன்றையே சொன்னால் என்னைப் போன்ற பயந்தவளுக்கு வேறென்ன வேண்டும்? ஜன்னலைச் சாத்தினேன். மகள் படுக்கிற பாயைச் சுவரோரத்திலிருந்து இழுத்து நடுவீட்டில் போட்டேன். சுவரில் தட்டக் கூடாது என்றேன்.

"சுவத்துல தட்டுனா ஒட்டிக்குமா?" என்று கேட்டாள்.

ஒட்டாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் "ஆமா" என்று சொன்னேன்.

காலையில் அந்தப் பக்கமிருந்து மூன்று தட்டு வரும். இந்தப் பக்கமிருந்து பதில் போகாது. நாலைந்து நாளில் அந்தப் பக்கமும் நின்றுவிட்டது.

அக்கா ஒரு வார்த்தை குறையாகச் சொல்லவில்லை. ஒருநாள் குழாயடியில் அவரைக் கண்டதும் நான் பாதிக் குடத்தோடு அவசரமாகத் திரும்பினேன். அவர் தள்ளி நின்றபடியே, "பாப்பாவ பத்தரமாப் பாத்துக்குங்க அம்மணி. சித்த நாளைக்கு இந்தப் பக்கம் உட்டுறாதீங்க" என்றார். நான் செய்துகொண்டிருந்ததைத்தான் அவரும் செய்யச் சொன்னார். இருந்தாலும் எனக்குச் சுருக்கென்றது.

அம்மை இறங்கி மூன்றாம் தண்ணீர் ஊற்றி, அந்தக் குழந்தை எழுந்து வாசற்படியில் உட்கார ஆரம்பித்தாள். அப்போதாவது நான் கதவைத் திறந்திருக்கலாம். இன்னும் பத்து நாள் போகட்டும் என்று மகளை அழைத்துக்கொண்டு அவிநாசியில் என் அம்மா வீட்டுக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது கடைசி வீடு பூட்டிக் கிடந்தது. மண்டிக்குப் பின்னாலேயே வீடு கிடைத்ததாம். மார்கழி பிறந்தால் குடி மாறக் கூடாதென்று, கார்த்திகை முடிவதற்குள் அவசரமாகச் சாமான்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்களாம்.

எப்போதோ நான் குழம்பு கொடுத்தனுப்பிய தூக்குப்போசியை அக்கா, லைன் வீடுகளுக்குச் சொந்தக்காரரான வீட்டுக்காரம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். திறந்து பார்த்தேன். உள்ளே சர்க்கரை. அடுத்த வீட்டுப் போசியை வெறும் போசியாகத் திருப்பித் தரக் கூடாது. அந்த அவசரத்திலும் அவர் அதை மறக்கவில்லை. அவர் வருத்தமாகப் போனாரா, சாதாரணமாகப் போனாரா என்று அந்தச் சர்க்கரையை வைத்து என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. பூட்டிய கதவுக்கு மேலே வேப்பிலைக் கொத்து காய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலையில் என் மகள் சுவரில் மூன்று தட்டுத் தட்டிவிட்டுக் காதை வைத்துக் கேட்டாள்.

"காலி ஊடு கண்ணு" என்றேன்.

"எனக்குத் தெரியும்." சுவரிலிருந்து காதை எடுத்துவிட்டு, "அம்மா, அவ எங்கூட டூ உட்டுட்டாளா?" என்றாள்.

எங்கள் ஊர்ப் பிள்ளைகளின் சட்டத்தில், டூ விட்டவர்கள் மறுபடி சேத்தி சொல்கிறவரை பேசிக்கொள்ளக் கூடாது. டூ விட்டது அந்தக் குழந்தையும் இல்லை, இந்தக் குழந்தையும் இல்லை. சுவரோரத்திலிருந்து பாயை இழுத்தவள் நான். இவர்கள் இருவரையும் எப்படியாவது சேத்தி ஆக்கிவிட வேண்டும் என்று அன்றைக்கு என் மனத்தில் ஏறியது இறங்கவே இல்லை.

மார்கழி பாதியில் கடைவீதி முழுக்கப் பொங்கல் வாழ்த்து அட்டைகளைக் கயிற்றில் மாட்டித் தொங்கவிட்டார்கள். ஒன்று வாங்கி அனுப்பலாம் என்று மகளை அழைத்துப்போனேன். அவள் ஒவ்வோர் அட்டையாகத் தடவிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். "எல்லாமே ஒரே வழவழ. அவளுக்குத் தொட்டாத் தெரியோணும்."

தொட்டால் தெரிகிற அட்டை கடையில் இல்லை. நாமே செய்வது என்று முடிவாயிற்று.

என் கணவர் சிரித்தார். "மேட்டுப்பாளையத்துக்கு பஸ் ஏறுனா முக்கா மணி நேரம். நேராப் போனா ரெண்டும் பேசிக்கும். நடுவுல அட்டை எதுக்கு, தபால்காரர் எதுக்கு?"

"உங்களுக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்றேன்.

அந்த அக்கா முகத்தை நேரில் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். அதற்கு மேல் எதுவும் கேட்காமல், மறுநாள் பட்டறை மேஸ்திரியிடம் கேட்டு மூன்று சாமான்கள் வாங்கி வந்தார். மோட்டார் காயிலுக்கு இடையே வைக்கிற தடித்த பழுப்புத் தாள் ஒரு துண்டு. உதவாத தாமிரக் கம்பி ஒரு பிடி. கை துடைக்கத் திருப்பூரிலிருந்து மூட்டையாக வருகிற பனியன் வேஸ்ட் துணியில், எண்ணெய் படாத சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாக ஒரு பொட்டலம். அதைப் பிரித்ததும் என் மகள் போட்ட கூச்சலில் முதல் வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

அந்தப் பழுப்புத் தாளை அப்படியே மடித்தால் வெடித்துவிடும். என் கணவர் காயில் இடுக்கில் செருகுகிற மூங்கில் சிம்பு ஒன்றை எடுத்து, அதன் மழுங்கிய முனையால் நடுவில் ஒரு கோடு அழுத்தி இழுத்து, ஒரே மடிப்பில் மடித்துக் கொடுத்தார். கதவு மாதிரி திறந்து மூடியது. "இதுக்கு மேல உங்க பாடு" என்று ஒதுங்கிக்கொண்டார். ஒதுங்கினாரே தவிரப் போகவில்லை. எதிரே உட்கார்ந்து யோசனை சொல்லிக்கொண்டே இருந்தார்.

பூக்கள் வேண்டியிருந்தன. மகளும் நானும் ரயில் பாதை ஓரமாக நடந்துபோனோம். அந்தப் பருவத்தில் அங்கே ஆவாரம்பூ மஞ்சளாக மண்டிக் கிடக்கும். கல்லுக்கு இடையில் பூளைச்செடி வெள்ளை வெள்ளையாகக் கதிர் விட்டிருக்கும். தொட்டால் பூனைக்குட்டியின் காது மாதிரி இருக்கும். பொங்கலுக்கு முந்தின நாள் எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு வீட்டுக் கூரை முகப்பிலும் காப்புக் கட்டுவோம். ஆவாரம்பூ, பூளைப்பூ, வேப்பிலை இந்த மூன்றையும் ஒரே கொத்தாகச் சேர்த்துச் செருகுவதுதான் காப்பு. மூன்றையும் சேர்த்தே பறித்துப் பழகியதால், திரும்பும் வழியில் ஒரு வேப்பங்கொழுந்தையும் ஒடித்துக்கொண்டேன். அப்போது எனக்கு எந்த யோசனையும் இல்லை.

கல்லூரியில் செடிகளை உலர்த்தி ஒட்டிய அனுபவம் எனக்குக் கைகொடுத்தது. பழைய செய்தித்தாள் மடிப்புகளுக்குள் ஆவாரம்பூவையும் வேப்பிலையையும் பரப்பி, மேலே பட்டறையிலிருந்து வந்த ஓர் இரும்பு வார்ப்பை ஏற்றிவைத்தேன். தினம் ஒருமுறை தாளை மாற்ற வேண்டும், இல்லையென்றால் பூ கறுத்துவிடும். நான்காம் நாள் எடுத்தபோது மஞ்சள் அப்படியே இருந்தது. "அம்மா பூவுக்கு இஸ்திரி போட்டாங்க" என்று மகள் குழாயடியில் போய்ச் சொன்னாள்.

அட்டையின் அடிப்பகுதியில் சாக்குத் துணி ஒட்டினோம். அது மண். அதன் மேல் சிவப்புப் பனியன் துணியில் பானை. துணிக்கு உள்ளே பஞ்சு வைத்ததால் பானை வயிறு பொம்மென்று நின்றது. பானைக் கழுத்தில் தாமிரக் கம்பியை மூன்று சுற்று சுற்றினோம். இரண்டு பக்கமும் கரும்பு வேண்டும். சோளத்தட்டின் தோலை மெல்லிசாக உரித்து, பேனாவால் கணு போட்டோம். சூரியனுக்கு மஞ்சள் துணி வட்டம், அதைச் சுற்றி ஆவாரம் இதழ்கள், இதழ்களுக்கு நடுவே கதிர் கதிராகத் தாமிரக் கம்பி.

பசைதான் என்னைப் படுத்தியது. மைதாவைக் காய்ச்சினேன். பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் கலக்கச் சொன்னார்கள். விஷமாயிற்றே, பிள்ளை அட்டையைத் தொட்டுவிட்டு வாயில் விரலை வைத்தால்? கலக்கவில்லை. கலக்காவிட்டால் எறும்பு வருமே? இரண்டு நாள் இதையே யோசித்தேன். "அட்டைய அனுப்பறியா, ஆயுசுக்கும் காப்பாத்தப் போறியா?" என்று கணவர் கேட்ட பிறகுதான் வெறும் மைதாப் பசையோடு வேலை நடந்தது.

கடைசியில் பொங்கல் பொங்க வேண்டும். அதற்குத்தான் பூளைப்பூ. பானை வாயிலிருந்து வெள்ளையாக நுரைத்து வழிவது போல அடுக்கடுக்காக வைத்தோம். ஈரப் பசை பட்டால் பூளை சப்பென்று படிந்துவிடும். முதல் நான்கு கதிர்கள் அப்படித்தான் வீணாயின. பிறகு ஒரு வழி கண்டுபிடித்தோம்: பசையைப் பாதி காயவிட்டு, பூவின் அடியை மட்டும் தீக்குச்சி முனையால் அழுத்துவது. என் மகள் நாக்கைத் துருத்திக்கொண்டு ஒவ்வொன்றாக அழுத்தினாள். நுரை பானைக்கு மேலே எழும்பி, கழுத்தைத் தாண்டி, சாக்குத் துணி மண்ணில் வழிந்தது. கடைசிக் கதிரை அழுத்திவிட்டு அவள், "பொங்கலோ பொங்கல்!" என்று கத்தினாள். பொங்கலுக்கு ஒரு வாரம் இருந்தது. அடுத்த அறையே இல்லாத அந்தச் சின்ன வீட்டில் நாங்கள் மூன்று பேரும் ஒரு தட்டை எடுத்துக் கரண்டியால் தட்டி, குலவைகூட இட்டோம். அவ்வளவு சந்தோஷமாக நான் எந்தப் பொங்கலிலும் இருந்ததில்லை.

அட்டையின் மேல் ஓரம் மட்டும் வெறுமையாக இருந்தது. ஆவாரையும் பூளையும் இருக்கிறது, கூட வேப்பிலையும் இருந்தால்தானே நிறைவு என்று என் கை தானாக அதை எடுத்தது. உலர்ந்த இலைகளை வரிசையாகத் தோரணம் போல ஒட்டினேன். பச்சை விழுந்ததும் அட்டைக்கே உயிர் வந்த மாதிரி இருந்தது. உள்ளே மகள் தன் கையெழுத்தில் எழுதினாள்: "நான் டூ இல்லை. நீ?"

கடையில் விற்கிற உறைக்குள் அது நுழையவில்லை. பழுப்புத் தாளில் நானே உறை செய்தேன். வீட்டுக்காரம்மாவிடம் அக்கா கொடுத்துப் போயிருந்த மண்டி முகவரியை எழுதி, தபால் ஆபீஸில் எடை பார்த்துத் தபால்தலை ஒட்டி, எங்கள் தெருமுனைத் தபால் பெட்டியில் மகளைத் தூக்கிப் பிடித்து அவள் கையாலேயே போட வைத்தேன். பெட்டியின் வாய் சின்னதாக இருந்ததால் கொஞ்சம் தள்ள வேண்டியிருந்தது. பொத்தென்று விழுந்தது.

வீட்டுக்கு வந்து பசைப் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். மகள் மூலையில் விளையாடிக்கொண்டிருந்தாள். தன் பொம்மையை அரிசி முறத்துக்குப் பின்னால் படுக்கவைத்து, முறத்தின் விளிம்பில் மிச்சமிருந்த வேப்பிலையைச் செருகியிருந்தாள்.

"என்ன கண்ணு அது?"

"பொம்மைக்கு அம்மை போட்டிருக்குது. யாரும் உள்ளே வரக் கூடாது. நீங்களும் வராதீங்க."

பாத்திரத்தை அப்படியே போட்டுவிட்டு எழுந்தேன். அம்மை போட்ட வீடென்று கதவைச் சாத்திய நான், அந்த வீட்டுக்கே வேப்பிலை ஒட்டி வாழ்த்து அனுப்பியிருக்கிறேன். உறையைப் பிரித்ததும் அந்த அக்காவுக்கு எது ஞாபகம் வரும்? பொங்கல் காப்பா, அவர் வாசலில் தொங்கிய கொத்தா? குத்திக்காட்ட இதைவிட நல்ல வழியை எந்த எதிரியும் யோசித்திருக்க முடியாது.

மகளை முதல் வீட்டில் விட்டுவிட்டுத் தெருமுனைக்கு ஓடினேன். தபால் எடுக்க ஆள் வருகிற வரை அந்தச் சிவப்புப் பெட்டிக்குக் காவல் நின்றேன். சைக்கிளில் வந்தவர் பெட்டியைத் திறந்து எல்லாவற்றையும் பைக்குள் தள்ளினார்.

"ஏனுங்க, ஒரு கவரு தப்பாப் போட்டுட்டனுங்க. திருப்பிக் குடுத்துருங்க" என்றேன்.

"உள்ள உழுந்தா அது சர்க்காருதுங்க அம்மணி. நீங்க கேட்டும் புண்ணியமில்ல, நான் குடுத்தும் புண்ணியமில்ல."

"தடியா இருக்குமுங்க. கை வெச்சாலே தெரியும்."

அவர் பைக்குள் கையை விட்டார். எடுத்தார். அழுத்திப் பார்த்தார். "இதுங்களா? உள்ள என்ன, தலகாணியா?"

"பொங்கல் வாழ்த்துங்க."

"தலை ஒட்டிருக்குது. அட்ரஸ் இருக்குது. இதுல என்னங்க தப்பு?"

எப்படிச் சொல்வது? "உள்ள வேப்பில இருக்குதுங்க" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வேப்பில தானுங்களே, பாம்பு இல்லீங்களே?" என்று உறையைப் பைக்குள் போட்டுச் சைக்கிளில் ஏறினார்.

அந்த நிலையிலும் எனக்கு இன்னொரு கவலை வந்தது. "சீல் மெதுவாக் குத்தச் சொல்லுங்க! பானை நசுங்கிப்போகும்!" என்று பின்னாலேயே கத்தினேன்.

"சொல்றனுங்க!" என்று அவர் திரும்பாமலே கையை ஆட்டினார்.

அதற்குப் பிறகு பதில் வருமா என்று ஒவ்வொரு நாளும் பார்த்தேன். வரவில்லை. போகி வந்தது, பொங்கல் வந்தது, மாட்டுப் பொங்கலும் போனது. சர்க்கரைப் பொங்கலை நான் தட்டிலேயே வைத்துவிட்டேன். மகள் தினமும், "இன்னிக்கு வந்துச்சா?" என்று கேட்டாள். நாலாம் நாள் காலையில் என் கணவர் எங்கள் இருவருக்கும் பஸ்ஸுக்குச் சில்லறையை எடுத்து வைத்தார். "போயிட்டு வந்துரு. திட்டுனா வாங்கிக்க. திட்டு வாங்கிப்போட்டாவது நிம்மதியாச் சோறு தின்னு" என்றார்.

பஸ்ஸில் முக்கால் மணி நேரமும் நான் சொல்ல வேண்டியதை மனத்துக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். மண்டிகளுக்குப் பின்னால் ஒரு குறுகலான தெரு. எங்கும் சாக்கு வாசமும் கிழங்கு வாசமும். ஒவ்வொரு வீட்டு முகப்பிலும் காப்பு செருகியிருந்தது. எந்த வீடு என்று நான் கேட்பதற்குள் மகள் என் கையை உதறினாள்.

"அம்மா! நம்ம அட்டை!"

ஒரு ஓட்டு வீட்டின் கூரை முகப்பில், மற்ற வீடுகளில் காப்பு இருக்க வேண்டிய அதே இடத்தில், சிவப்பு நூலில் எங்கள் அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. பானை நசுங்கவில்லை. நுரை மட்டும் பாதி தேய்ந்திருந்தது.

அக்கா ஈரக் கையோடு வெளியே வந்தார். "அட, வாங்க அம்மணி! வாங்க சாமி! ஒரம்பர சனம் வாரது தெரியாம ஊட்டப் போட்ட மேனிக்குப் போட்டு வெச்சிருக்கறேன். உள்ள வாங்க!"

"அக்கா, அந்த அட்டை..." என்று தொடங்கினேன்.

"அதயேனுங்க கேக்கறீங்க! எங்கூட்டுக்காரருக்கு மண்டில பொங்கல் லோடு. காப்பு வாங்கிட்டு வாங்கன்னு சொல்லியுட்டா, பொழுது உழுந்தப்பறம் வெறுங்கையோட வந்து நிக்கறாங்க. ரெண்டு நாளா மண்டி மேசையில கெடந்துச்சுன்னு இந்தக் கவர மட்டும் கொண்டாந்தாங்க. புது ஊரு. ஆருகிட்டப் போயிக் கேக்கறது? மொத வருசமே காப்பில்லாத ஊடாப் போச்சேன்னு ஒக்காந்துட்டு இருந்தேன். கவரப் பிரிச்சா, மூணும் இருக்குது! ஆவாரம்பூவு, பூளப்பூவு, வேப்பல! ஒண்ணுகூடக் கொறயில்ல. எடுத்துக் கட்டிப்போட்டேன்!"

அப்போது அவர் மகள் வெளியே வந்தாள். என் மகளைப் பார்த்ததும் அப்படியே நின்றாள். இவளும் நின்றாள். அவள் மெல்லக் கையை நீட்டிக் கதவுப் பலகையில் தட்டினாள். ஒன்று, இரண்டு, மூன்று. என் மகள் ஓடிப்போய் அதே பலகையில் மூன்று தட்டினாள். சேத்தி.

உடனே அந்தக் குழந்தை முறையிட ஆரம்பித்தாள். "எனக்கு அனுப்புனத அம்மா மேல கட்டிட்டாங்க. எட்டவே மாட்டேங்குது. அப்பா தூக்குனாத்தான் தொட முடியுது!" நுரை தேய்ந்த காரணம் தெரிந்தது. தினமும் காலையில் அவளை அவள் அப்பா தூக்கிப் பிடிக்க, அவள் அட்டையைத் தடவிவிட்டுத்தான் பல் தேய்க்கப் போவாளாம்.

"அவுத்துக் குடுத்துருங்களேன்" என்றேன்.

"கட்டுன காப்ப அவுக்கறதா? அடுத்த வருசம் வரைக்கும் அங்கதான்" என்றார் அக்கா. "வேணும்னா ரெண்டும் ஒக்காந்து இன்னொண்ணு செஞ்சுக்கட்டும்."

செய்தார்கள். வெங்காய மூட்டை வலை, பாக்கு மட்டை, குறுக்கே வெட்டிய உருளைக்கிழங்கில் மை தொட்டுக் குத்திய பூ. பசை தலைமுடிவரை ஏறியது. நான் ஒரு இடத்திலும் கை வைக்கவில்லை. வைக்கக் கை பரபரத்தது உண்மை. ஆனால் இரண்டும் குசுகுசுவென்று பேசிச் சிரித்துக்கொண்டிருந்ததைக் கேட்டுக்கொண்டு அக்கா கொடுத்த காப்பியைக் குடித்தேன். அந்த ஒரு டம்ளரை முடிக்க எனக்கு அரை மணி நேரமானது. அவ்வளவு ருசியாக இருந்தது.

கிளம்பும்போது மன்னிப்புக் கேட்டுவிடுவது என்று வாசலில் நின்றேன். "அக்கா, அந்த வேப்பில..." என்றேன்.

அக்கா அண்ணாந்து அட்டையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "பாத்தீங்களா அம்மணி, இந்தத் தடவ வாசல்ல வேப்பல கட்டியும் நீங்க உள்ள வந்துட்டீங்க" என்றார். சொல்லிவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். பஸ் வந்துவிட்டதென்று பிள்ளைகள் கத்தின. ஓடிப்போய் ஏறிவிட்டோம்.

காரமடை வரும்போதுதான் அந்த வார்த்தை எனக்குள் இறங்கியது. அவர் விளையாட்டாகச் சொன்னாரா? இல்லை, அத்தனை நாள் மனத்தில் வைத்திருந்ததை ஒரு சிரிப்பில் சுற்றிக் கொடுத்துவிட்டாரா, அந்தத் தூக்குப்போசியில் சர்க்கரை வைத்துக் கொடுத்த மாதிரி? பக்கத்தில் என் மகள் மை படிந்த விரலை முகர்ந்து பார்த்துக்கொண்டு, தன்னால் பாடிக்கொண்டு வந்தாள்.

அதன் பிறகு ஒவ்வொரு பொங்கலுக்கும் இரண்டு பெண்களும் அட்டை செய்து மாற்றிக்கொள்கிறார்கள். நாங்களும் போகிறோம், அவர்களும் வருகிறார்கள். அக்காவுக்கும் எனக்கும் ஒரு குறையும் இல்லை. எதற்கும் இருக்கட்டும் என்று அடுத்த வருடமும் அதற்கடுத்த வருடமும் அட்டையின் மேலே மாவிலையை வைத்தேன். போன பொங்கலில் அக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க அம்மணி, நம்ம வேப்பல எங்க போச்சு?" என்று கேட்டார். அப்போதும் சிரித்தார்.

இதோ இந்த வருடத்துக்கான பழுப்புத் தாள் பட்டறையிலிருந்து வந்துவிட்டது. என் மகளுக்கு இப்போது ஒன்பது வயது. பூளைப்பூவை என்னைவிட நன்றாக ஒட்டுகிறாள். மேல் ஓரத்தை மட்டும் எனக்காக விட்டுவைத்திருக்கிறாள். மேசையில் மாவிலையும் இருக்கிறது, வேப்பிலையும் இருக்கிறது.

இதைப் படிக்கிறவர்கள் எனக்கு ஒரு யோசனை சொல்லுங்கள். அந்த முதல் அட்டைக்காகவும், அதற்கு முன் சாத்திய ஜன்னலுக்காகவும் நான் அந்த அக்காவிடம் வாயைத் திறந்து மன்னிப்புக் கேட்க வேண்டுமா? அவர் அப்படி நினைத்தே இருக்கவில்லை என்றால், கேட்கப்போய் நானே அந்த நினைப்பை அவருக்குள் விதைத்துவிட மாட்டேனா? எதுவும் கேட்காமல் வேப்பிலையை ஒட்டி அனுப்பினால் மட்டும் போதுமா? அட்டையைத் தபாலில் சேர்க்க இன்னும் சில நாட்கள் இருக்கின்றன. பசை காய்ச்சிவிட்டேன்.